போனார், வந்தாரா?

சென்ற ஆண்டு ஒருநாள் எங்கள் வகுப்பு முழுவதும் எழுந்து நின்று, நலமாக இருந்த ஒரு பாட்டிக்காக ஜெபித்தது. அதற்குக் காரணம் ஓர் ஆங்கிலச் சொல்.

நடந்தது இதுதான். எங்கள் தோழி ஒருத்தி பாட்டிக்குத் துணையாகச் சிதம்பரத்தில் ஒரு மருத்துவமனைக்குப் போனாள். கண்ணைக் காட்டிவிட்டு அன்றிரவே இருவரும் கடலூர் திரும்பிவிட்டார்கள். மறுநாள் அவள் கொடுத்த விடுப்புக் கடிதத்தில், 'மை கிராண்ட்மதர் ஹாஸ் கான் டு தி ஹாஸ்பிடல் அட் சிதம்பரம்' என்று இருந்தது. படித்த சிஸ்டரின் முகம் வாடிவிட்டது. பாட்டி இன்னும் அங்கேயே படுத்திருக்கிறார் என்று எண்ணி, உடனே எங்களை ஜெபிக்கச் சொன்னார். மாலையில் மணி அடித்ததும், வெற்றிலைப் பையுடன் வாயிலில் நின்றுகொண்டு, "என்னம்மா, எல்லாரும் என்னையே பாக்குறீங்க?" என்று கேட்டவர் அந்தப் பாட்டியேதான்!

அடுத்த நாள் சிஸ்டர் கரும்பலகையில் இரண்டு வாக்கியங்களை எழுதினார். 'ஷி ஹாஸ் கான் டு சிதம்பரம்' என்றால் போனவர் இன்னும் திரும்பவில்லை. அங்கே இருக்கிறார், அல்லது வழியில் ஆலப்பாக்கத்தையோ புதுச்சத்திரத்தையோ தாண்டிக்கொண்டிருக்கிறார். 'ஷி ஹாஸ் பீன் டு சிதம்பரம்' என்றால் போய்த் திரும்பிவிட்டார். ஆகவே வகுப்பில் எழுந்து நின்று 'ஐ ஹேவ் கான் டு சிதம்பரம்' என்று எந்த மாணவியும் சொல்ல இயலாது. போயிருந்தால் இங்கே நிற்பது யார்? இதைக் கேட்டு நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். ஆயினும் அந்த வாரத் தேர்வில் எங்களில் பாதிப் பேர் மறுபடியும் தவறாகவே எழுதினோம்.

இது சோம்பலால் வந்த பிழை என்று பெற்றோர்கள் எண்ணிவிடக் கூடாது. 'அப்பா சிதம்பரம் போயிருக்கிறார்' என்றால் அப்பா வீட்டில் இல்லை என்று பொருள். 'அப்பா மூன்று முறை சிதம்பரம் போயிருக்கிறார்' என்றாலோ, அவர் திண்ணையில் அமர்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கலாம். சொல் ஒன்றே; இடம் பார்த்துப் பொருள் கொள்கிறோம். 'போய்' என்பதும் 'இரு' என்பதும் சேர்ந்துதான் 'போயிருக்கிறார்' ஆகிறது. ஆங்கிலமோ இரண்டையும் பாகம் பிரித்து, போனவருக்குக் 'கான்' என்றும், திரும்பியவருக்கு 'இரு' என்னும் வினையின் உருவமாகிய 'பீன்' என்றும் கொடுத்துவிட்டது. 'பீன்' என்பதில் போவதைக் குறிக்கும் சொல்லே இல்லை! சொல்லுக்குச் சொல் தமிழாக்கிப் படிக்கும் எங்களுக்கு அது எப்படிச் சட்டென்று பிடிபடும்?

எல்லா இடத்திலும் தமிழ் நம்மை இப்படித் தடுமாற விடுவதில்லை. 'நாளை உங்கள் வீட்டுக்கு வருகிறேன்' என்கிறோம். ஆங்கிலத்திலும் அங்கே 'கம்' என்ற சொல்தான் வரும். வருதல் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியது, செல்லுதல் படர்க்கைக்கு உரியது என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்திலேயே விதி கூறியிருக்கிறது. அந்தச் சொல்லதிகாரத்தைப் பி. சா. சுப்பிரமணிய சாஸ்திரியாரின் ஆங்கில உரையுடன் 1945-ஆம் ஆண்டில் வெளியிட்டதும் நம் சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகமே. ஆங்கில இலக்கண வகுப்புக்கு எங்கள் தமிழாசிரியையும் கால் மணி நேரம் வந்து பேசினால் என்ன?

ஆனால் ஒரு சிவப்புக் கோட்டை மட்டும் எங்கள் மனம் ஏற்க மறுக்கிறது. 'ஐ வில் கோ அண்ட் கம்' என்று எழுதியவுடன் அது அடிபட்டுவிடுகிறது. ஆங்கிலேயர் காதுக்கு அது வேடிக்கையாகப் படும் என்பதை ஒப்புக்கொள்கிறோம். அவர்கள் 'ஐ வில் பி பேக்' என்பார்களாம். எங்கள் வீடுகளிலோ 'போறேன்' என்று சொல்லிப் படி இறங்கினால் அம்மா விடுவாரா? "போயிட்டு வரேன்னு சொல்லுடி" என்று பாதி வழியில் நிறுத்துவார். தேவனாம்பட்டினத்துத் தோழியர் எங்கள் வகுப்பில் உண்டு. கடலுக்குப் புறப்படும் அப்பா, எவ்வளவு அவசரமானாலும், அந்த வார்த்தையைச் சொல்லாமல் வாசலைத் தாண்டமாட்டார் என்கிறார்கள். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது நாங்கள் பிறந்திருக்கவில்லை. அன்று நம் மாவட்டத்துக் கரையோரத்தில் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். அதைப் பற்றி அந்தத் தோழியரிடம் நாங்கள் கேட்பதில்லை.

போனவர் திரும்பினாரா என்பதை ஆங்கிலம் போன பிறகு கேட்கிறது. தமிழ் அதை வாசற்படியிலேயே, போகும் முன்பே, எங்கள் வாயால் சொல்ல வைத்துவிடுகிறது. கவலை இரண்டுக்கும் ஒன்றுதான் போலும்.

ஆகவே பொதுத் தேர்வுக்குள் 'பீன்', 'கான்' இரண்டையும் பிசகாமல் எழுதப் பழகிக்கொள்வோம். 'கோ அண்ட் கம்' என்பதையும் விடைத்தாளில் எழுதமாட்டோம். ஆனால் சிஸ்டர்மாரிடம் ஒரு விண்ணப்பம். அதை எங்கள் நோட்டில் அடிக்கும்போது ஓரத்தில் 'தவறு' என்று எழுதாமல் 'தமிழ்' என்று எழுதுங்கள்.

அந்தப் பாட்டி இப்போதும் கண் மருந்துக்காகச் சிதம்பரம் போய் வருகிறார். பேத்தியின் விடுப்புக் கடிதத்தை நாங்கள் நால்வர் படித்துத் திருத்திய பிறகே சிஸ்டரிடம் கொடுக்கிறோம்.