போர்டில் ஏறாத நிலம்

நம் சாலையோர வரலாற்று போர்டுகள் மீது எனக்கு ஒரு புகார் உண்டு. அவை கல்லைக் காட்டுகின்றன. நிலத்தின் கதையை விழுங்கிவிடுகின்றன.

சிங்கப்பெருமாள் கோயில் வட்டாரத்தில் வரலாற்றுக்குப் பஞ்சமில்லை. ஊருக்குப் பெயர் தந்த நரசிம்மரே பாறையைக் குடைந்த கோயிலில்தான் இருக்கிறார். செங்கல்பட்டைத் தாண்டினால் வல்லத்துக் குடைவரைகள், கடற்கரைக்குப் போனால் மாமல்லபுரம், நடுவே பல ஊர்களில் பெருங்கற்கால ஈமவட்டங்கள். மத்தியத் தொல்லியல் துறை எடுத்துக்கொண்ட இடங்களில் நீல போர்டு நிற்கும். 1958ஆம் வருடச் சட்டம், சேதப்படுத்தினால் தண்டனை என்று எழுதியிருக்கும். 2010 திருத்தத்துக்குப் பின் இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. சரி, அந்த மிரட்டலாலாவது கல் பிழைத்துக் கிடக்கிறது. ஆனால் அந்த மிரட்டல் ஏன் கல்லுக்கு மட்டும்?

1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர், இந்த ஜில்லாவின் பறையர்கள் நிலை பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை. மிராசுதார் நினைத்தால் குடிசையைக் காலி செய்யச் சொல்லலாம். தரிசு கேட்டு மனுப் போட்டால் மிராசுதாருக்கே முன்னுரிமை. அந்த அறிக்கையின் தொடர்ச்சியாக 1892இல் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் பிறந்தது. பத்து வருடத்துக்கு விற்கக்கூடாது, அதற்குப் பிறகும் அந்த மக்களுக்குள்ளேயே கைமாறலாம், மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இதெல்லாம் நம்ம ஜில்லாவில் தொடங்கிய கதை.

நூறு வருடம் கழித்து, 1994இல், இதே வட்டாரத்துக் காரணை கிராமத்தில், பறிபோன பஞ்சமி நிலத்தில் மக்கள் அம்பேத்கர் சிலை வைத்தார்கள். சிலை அகற்றப்பட்டது. அதைக் கண்டித்து அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் திரண்டவர்கள் மீது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் இறந்தார்கள்.

இந்த இரண்டு சம்பவத்தையும் சொல்லும் ஒரு அரசு போர்டு, ஜி.எஸ்.டி. சாலையில் போகிறவன் கண்ணில் படும்படி, நான் பார்த்ததில்லை. கண்ணில் படுவதெல்லாம் மனை விற்கிற போர்டுதான். ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிடம், உடனடிப் பத்திரப்பதிவு. அந்த மனைக்குக் கீழே எந்த வருடத்து நிலம் கிடக்கிறது என்று யார் சொல்வது?

'தகர போர்டு வைத்தால் நிலம் திரும்பி வந்துடுமா சார்?' என்று கேட்பார்கள். வராதுதான். ஆனால் மறைக்க முடியாது. பழைய அ-பதிவேட்டில் இருந்த 'டி.சி.' குறிப்பு, யூ.டி.ஆர். கணக்குத் திருத்தத்தில் பல ஊர்களில் காணாமல் போனது என்பது நெடுநாள் புகார். தாலுகா ஆபீஸ் பீரோவில் இருக்கும் ஒரு குறிப்பைத் தொலைப்பது சுலபம். ஊரே தினமும் படிக்கிற போர்டைத் தொலைப்பது அவ்வளவு சுலபமில்லை. வாங்க வருகிறவனும் அதைப் படித்துவிடுவான். போர்டு ஏன் இல்லை என்பதற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

'சாதிச் சண்டை வரும்' என்று இன்னொரு வாதம். தொல்லியல் துறையின் 100 மீட்டர் விதியும் பக்கத்து வீட்டுக்காரன் சொத்தில்தான் கைவைக்கிறது. அதை யாரும் கலவரத் தூண்டல் என்று சொல்வதில்லை. ராஜாவின் கல்லுக்கு என்றால் சட்டம், கூலிக்காரனின் நிலத்துக்கு என்றால் சண்டையா?

இது புதுசாக நான் கண்டுபிடித்த யோசனையும் இல்லை. நம் கோயில் கல்வெட்டுகளைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் நிலக் கணக்குதான். யாருக்குக் கொடுத்தது, நான்கெல்லை எது, எந்த வரி தள்ளுபடி, கெடுத்தவனுக்கு என்ன பாவம். எல்லாரும் வந்துபோகிற இடத்தில், சுவரில், வெட்டிவைத்தார்கள். பிராமணருக்கும் கோயிலுக்கும் கொடுத்த நிலத்துக்கு அந்தப் பாதுகாப்பு ஆயிரம் வருடமாக இருக்கிறது. 1892இல் கொடுத்த நிலத்துக்கு மட்டும் பீரோ போதும் என்று விட்டுவிட்டோம்.

ஆகவே கேட்பது இதுதான். யூ.டி.ஆருக்கு முந்தைய பதிவேட்டை எடுங்கள். சர்வே எண், பரப்பு, கொடுத்த வருடம், நிபந்தனை, மீறினால் என்ன ஆகும் என்பதை ஊர் முகப்பில் தமிழில் எழுதி வையுங்கள். நீல போர்டில் எழுதத் தெரிந்த அரசுக்கு இது தெரியாதா? முதல் போர்டை காரணையில் நடுங்கள்.