வாட்ஸை விட்டுக் கிலோவைப் பாருங்கள்

ஸ்பீக்கர் பொக்ஸ் வாங்கப்போனால் கடைக்காரர் முதலில் சொல்வது வாட்ஸ் கணக்கு. கீபோட்டும் மைக்குமாக யாழ்ப்பாணத் தீவுகளுக்குத் தனியாளாய்ப் பாடப்போகும் எனக்கு முதற்கணக்கு கிலோ. ஊர்காவற்றுறைக்குத் தரைவழி உண்டு. ஓட்டோவில் எந்தப் பொக்ஸும் போகும். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானில் படகேற வேண்டும். ஆடும் படகுக்குள் 20 கிலோப் பொக்ஸை இறக்குபவருக்குத்தான் அதன் பாரம் தெரியும்.

வாட்ஸை இரட்டித்தாலும் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு அது சிறு வித்தியாசம். ஆகக்கூடிய டெசிபல் எவ்வளவென்று கேளுங்கள். அடுத்தது பற்றரி. பற்றரியில் இயங்கும் பொக்ஸ்களில் போஸ் எஸ்1 புரோ ஏறத்தாழ 7 கிலோ. ஜேபிஎல் இயோன் வன் கொம்பக்ட் 8 கிலோ. ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் 11, 12 மணித்தியாலம் வரை என்கிறார்கள் தயாரிப்பாளர்கள். சத்தத்தைக் கூட்டினால் குறையும். பாதி நேரம் நின்றாலே ஒரு கச்சேரிக்குக் காணும். டீசல் மின்பிறப்பாக்கியை நம்பிவந்த தீவுகளில் பற்றரியை ஆடம்பரம் என்று சொல்லமுடியாது.

புளூடூத்தைக் கண்டு மயங்க வேண்டாம். அதில் ஒலி பிந்தி வரும். பாடுபவருக்கு வயர்தான் சரி. மைக்குக்கும் வாத்தியத்துக்கும் தனித்தனி இணைப்பும், தனித்தனி சத்தக் கட்டுப்பாடும் இருக்கவேண்டும். உப்புக்காற்றுக்கு உறையும் அவசியம்.

இலட்ச ரூபாயைத் தாண்டும் விலை எல்லாக் கலைஞருக்கும் கட்டாது. ஒவ்வொரு தீவிலும் ஒரு சனசமூக நிலையமாவது ஒரு செட் வாங்கி, குறைந்த வாடகைக்குக் கொடுக்கலாம். திருவிழாவுக்குப் பொக்ஸ் அடுக்கச் செலவழிக்கும் ஊருக்கு இது பெரிய காரியமில்லை.