சாந்தமான முயல் எது?

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பது நம் முன்னோர் வாக்கு. வீட்டில் வளர்க்கும் சின்னஞ்சிறு முயல்களுக்கும் இது பொருந்தும் என்றால் பலர் வியப்படைவர். முயல் என்றாலே சாது, அதிலும் சிறிய முயல் மிகவும் சாது என்றே நாம் எண்ணுகிறோம். இது சரிதானா என்று சற்று ஆராய்வோம்.

சிறிய இனங்களுள் முதலில் நிற்பது நெதர்லாந்து ட்வார்ஃப் என்னும் குள்ள முயல். வளர்ந்த பின்னும் அதன் எடை ஏறத்தாழ ஒரு கிலோதான். வட்ட முகமும் குட்டைக் காதுகளுமாக என்றும் குட்டியைப் போலவே தோன்றும். ஆனால் துறுதுறுப்பும் அச்சமும் மிக்கது. சிறு ஓசைக்கும் துள்ளி ஓடும். இவ்வினத்தில் காட்டு முயலின் இரத்தமும் கலந்திருக்கிறது. தொடக்கத்தில் இன்னும் முரடாக இருந்ததாம். சாந்தமானவற்றையே தேர்ந்து பெருக்கி, தலைமுறை தலைமுறையாக அதன் குணத்தை மாற்றியிருக்கிறார்கள்.

தொங்கு காதுகளையுடைய ஹாலந்து லாப் இதற்கு நேர்மாறானது. 1949-ஆம் ஆண்டு நெதர்லாந்தைச் சேர்ந்த அட்ரியான் டி காக் என்பவர், பெரிய பிரெஞ்சு லாப் முயலோடு மேற்கூறிய குள்ள முயலைக் கலந்து இதை உருவாக்கத் தொடங்கினார். 1964-இல் அந்நாட்டில் இது தனி இனமாக ஏற்கப்பட்டது. இரண்டு கிலோவுக்கும் குறைந்த இம்முயல் பொதுவாக நிதானமானது. மூக்கு, காது, கால், வால் மட்டும் கறுத்திருக்கும் ஹிமாலயன் முயலும் அமைதிக்குப் பெயர் பெற்றது.

அப்படியானால் லாப்பையோ ஹிமாலயனையோ வாங்கிவிட்டால் போதுமா? போதாது என்பதே எங்கள் கருத்து. இனத்தின் குணம் பாதி. நாம் நடத்தும் முறை மறுபாதி. முயல் இயற்கையில் பிற விலங்குகளுக்கு இரையாவது. தரையிலிருந்து தூக்கினாலே, பருந்து கவ்வியதுபோல் அஞ்சித் திமிறும். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டில், சாதுவான இனம் என்று சொல்லி வாங்கிய முயலை அவளுடைய தம்பி ஆசையாகத் தூக்கினான். அது உதைத்துக்கொண்டு கீழே விழுந்தது. முதுகெலும்பு முறிந்து இறந்தது. "பொல்லாத முயல்" என்றார்கள் சிலர். அது பொல்லாததன்று, பயந்தது. அவள் அழுத அழுகையை நாங்கள் இன்னும் மறக்கவில்லை.

ஆகவே பெற்றோர்களே, பிறந்தநாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் பொம்மை வாங்குவதுபோல் முயலை வாங்கித் தராதீர்கள். அது எட்டுப் பத்து ஆண்டுகள் நம்மோடு வாழக்கூடிய உயிர். தோழியரே, முயலைத் தூக்காதீர்கள். தரையில் அமர்ந்து காத்திருங்கள். அதுவே நம்மிடம் வரும்.

கண்ணியில் சிக்கிய ஒரு முயற்குட்டியைப் புனித பிரான்சிஸ் அசிசியாரிடம் கொண்டுவந்தார்களாம். அவர் அதைத் தரையில் விட விட, அது அவர் மடிக்கே திரும்பிற்று என்று அவருடைய வரலாறு கூறுகிறது. அது எந்த இனம் என்று அவர் கேட்கவில்லை. அன்பும் பொறுமையும் உள்ள மடியை எந்த முயலும் அறியும் அன்றோ!