நான்காம் இடமும் நம் ஊர்ப் பனியனும்

திருப்பூரை 'டாலர் நகரம்' என்று அழைப்பதை யாவரும் அறிவோம். பனியனை அனுப்பி டாலரை ஈட்டும் ஊர் என்பதால் வந்த பெயர் அது. அப்பெயரைக் கேட்கும்போதெல்லாம் நமக்கு ஒரு பெருமிதம் உண்டாகிறது. அதே பெருமிதம் 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் நாடெங்கும் உண்டாயிற்று. உலகப் பொருளாதாரங்களின் வரிசையில் இந்தியா ஜப்பானை முந்தி நான்காம் இடத்துக்கு வந்துவிட்டது என்று நிதி ஆயோக்கின் தலைமைச் செயல் அலுவலர் அறிவித்தார். பன்னாட்டு நிதியம் அவ்வாண்டுக்குச் செய்த கணிப்பை ஒட்டி எழுந்த அறிவிப்பு அது.

பள்ளி திறந்ததும் எங்கள் வகுப்பில் இதுவே பேச்சு. கைதட்டியவர்கள் பலர். "நாலாவது பெரிய நாடுன்னா, எங்கம்மா ஏன் இன்னும் ஒன்றரை ஷிப்டு பார்க்கணும்?" என்று ஒருத்தி கேட்டாள். கைதட்டல் நின்றது. அவளுடைய கேள்விக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்த வரிசை எதை வைத்துப் போடப்படுகிறது? ஒரு நாட்டின் எல்லைக்குள் ஓராண்டில் உண்டாகும் இறுதிப் பண்டங்கள், பணிகள் ஆகியவற்றின் மொத்த மதிப்பே மொத்த உள்நாட்டு உற்பத்தி. இது நம் பத்தாம் வகுப்புப் பொருளியலின் முதற்பாடம். மில்லில் நூலாகி, நிட்டிங்கில் துணியாகி, சாயப்பட்டறையில் நிறமேறி, கட்டிங், தையல், செக்கிங், அயர்ன் எல்லாம் கடந்து ஒரு பனியன் பெட்டிக்குள் போகிறது. நூலுக்கு ஒரு முறை, துணிக்கு ஒரு முறை, பனியனுக்கு ஒரு முறை என்று எண்ணினால் ஒன்றே மூன்றாகிவிடும். ஆகவே இறுதிப் பொருளாகிய பனியனின் விலை மட்டுமே கணக்கில் சேரும்.

இவ்வாறு கூட்டிப் பார்த்தால், 2024ஆம் ஆண்டில் அமெரிக்காவின் உற்பத்தி ஏறத்தாழ 29 லட்சம் கோடி டாலர். சீனாவினுடையது 18.7 லட்சம் கோடி. ஜெர்மனி 4.7, ஜப்பான் 4, இந்தியா 3.9 லட்சம் கோடி. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள் அடுத்தடுத்து நின்றாலும் இடையே உள்ள தூரம் ஒன்றல்ல. மூன்றாம் இடத்தில் இருந்த ஜெர்மனியே அமெரிக்காவில் ஆறில் ஒரு பங்குதான். ஜப்பானுக்கும் நமக்கும் உள்ள இடைவெளியோ மிகச் சிறிது.

ஆயின் தொகை மட்டும் போதுமா? ஆலயக் காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசுகளைப் போட்ட ஏழைக் கைம்பெண்ணை நாம் மறந்துவிடலாகாது. செல்வர் பலர் மிகுதியாகப் போட்டனர். ஆண்டவரோ விழுந்த காசின் தொகையைப் பார்க்கவில்லை. அவளுடைய கையிருப்பில் அது எவ்வளவு என்று பார்த்தார். நாடுகளின் கணக்கையும் இப்படிப் பார்க்க வேண்டும் என்பதே நம் கருத்து.

இரண்டு வீடுகளில் ஒரே அளவு அரிசி உலையில் வேகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வீட்டில் உண்பவர் ஒருவர், மற்றதில் பன்னிருவர். இரு வீடும் சமம் என்போமா? ஜப்பானின் மக்கள்தொகை 12 கோடிக்குச் சற்று மேல். நம்முடையது 140 கோடிக்கு மேல். ஆகவே 2024இல் தலைக்கு வந்த பங்கு ஜப்பானில் ஏறத்தாழ 32,000 டாலர். இந்தியாவில் ஏறத்தாழ 2,700 டாலர். அமெரிக்காவில் அது 85,000 டாலர்! ஒரு டாலருக்கு அங்கே கிடைப்பதைவிட, அதை ரூபாயாக மாற்றினால் இங்கே கூடுதலாகக் கிடைக்கும் என்பது மெய்யே. அந்த விலைவாசி வேறுபாட்டைச் சரிக்கட்டினால் சீனா முதலிடமும், அமெரிக்கா இரண்டாமிடமும், இந்தியா மூன்றாமிடமும் பெறும். அப்போதும் நம் ஒருவருடைய பங்கு ஓர் அமெரிக்கருடைய பங்கில் எட்டில் ஒன்றை ஒட்டியே நிற்கும்.

"நாம் வேகமாக வளர்கிறோமே!" என்று சிலர் கூறுவர். உண்மைதான். 2024-25இல் நம் வளர்ச்சி 6.5 சதவீதம், 2024இல் அமெரிக்காவினுடையது 2.8 சதவீதம். ஆனால் பெரிய தொகையின் சிறு சதவீதம், சிறு தொகையின் பெரிய சதவீதத்தைவிட மிகுதியாக இருக்கக்கூடும். நாம் அவ்வாண்டில் கூட்டியது ஏறத்தாழ கால் லட்சம் கோடி டாலர். அவர்கள் கூட்டியது முக்கால் லட்சம் கோடி. இதனால் மனம் தளர வேண்டியதில்லை. ஆண்டுக்கு 7 சதவீதம் வளரும் எதுவும் பத்தாண்டில் இரட்டிப்பாகும். 1990 வாக்கில் சீனரின் தலைவீத வருமானமும் நம்முடையதும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. 2024இல் அவர்களுடையது நம்முடையதைப்போல் ஐந்து மடங்கு. ஒரு தலைமுறைக்குள் இவ்வளவு மாற்றம் கூடும் என்பதற்கு அவர்களே சான்று.

நம் ஊரும் வளராமல் இல்லை. 1978இல் இத்தாலி நாட்டு வணிகர் ஒருவர் பனியன் கேட்டு வந்ததிலிருந்து திருப்பூரின் நேரடி ஏற்றுமதி தொடங்கியது என்பர். அது 2024-25இல் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாயைத் தொட்டது. ஆனால் நாம் இழந்தது கணக்கில் வருவதில்லை. சாயநீர் கலந்து நொய்யல் கெட்டது. 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. அந்த ஆற்றின் விலையை உற்பத்தித் தொகையிலிருந்து யாரும் கழித்துக் காட்டவில்லை.

இனி தோழியின் கேள்விக்கு வருவோம். ஜப்பானியர் ஒருவரின் உற்பத்தி நம்மவர் பன்னிருவரின் உற்பத்திக்குச் சமமாவது எப்படி? அவர்களுடைய கை நம் தாய்மாரின் கையைவிட விரைவானதா? இல்லவே இல்லை! நம் ஊர்க் கம்பெனிகளில் ஓடும் ஜூகி தையல் இயந்திரங்களைச் செய்தது ஜப்பானிய நிறுவனம். கார் செய்யும் டொயோட்டாவும் தறி இயந்திரம் செய்யும் தொழிலிலிருந்து பிறந்ததே. தறித் தொழிற்சாலை 1926இல், கார் நிறுவனம் 1937இல். அவர்களும் நம்மைப்போல் நூலோடும் துணியோடும்தான் தொடங்கினார்கள். ஆனால் துணியோடு நிற்காமல் இயந்திரத்தைக் கற்றார்கள். நாமோ இன்னும் பெரும்பாலும் அவர்கள் செய்த இயந்திரத்தில், வேறொருவர் வரைந்த மாதிரியை, மற்றொருவர் பெயரில் தைத்துக் கொடுக்கிறோம். விலையின் பெரும்பங்கு பெயருக்கும் மாதிரிக்கும் போய்விடுகிறது. தைத்த கைக்கு மிஞ்சுவது சிறிதே.

பிறர் கையை எதிர்பார்த்திருப்பதன் துன்பத்தையும் 2025 ஆகஸ்டில் கண்டோம். இந்தியப் பொருள்கள் பலவற்றின்மீது அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தது. நம் பின்னலாடைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை வாங்கிய நாடு அது. பல இடங்களில் ஆர்டர்கள் தடைப்பட்டன. ஒன்றரை ஷிப்டு ஏன் என்று ஜூனில் கேட்ட தோழி, அந்த அரை ஷிப்டும் போயிற்றே என்று செப்டம்பரில் வருந்தினாள். சனிக்கிழமைச் சம்பளத்தை நம்பிய வீட்டுக்கு உலக வரிசையில் நான்காம் இடம் என்ன ஆறுதல் தரும்?

ஆதலால் நான்காம் இடத்தை இகழவும் வேண்டாம். அதுவே போதும் என்று இருந்துவிடவும் வேண்டாம். ஒவ்வொருவரின் கைக்கும் வரும் பங்கு உயர வேண்டும். அது உயர ஒவ்வொருவரின் அறிவும் உயர வேண்டும்.

அன்பார்ந்த பெற்றோரே! உங்களிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்று உண்டு. ஒவ்வோராண்டும் பத்தாம் வகுப்பு முடிந்ததும் நம் தோழியர் சிலர் கம்பெனிக்குப் போய்விடுகின்றனர். வீட்டுக் கஷ்டம் எங்களுக்குத் தெரியாமல் இல்லை. இன்று வரும் வாரச் சம்பளம் கண்ணுக்குத் தெரிகிறது. நாளை வரப்போகும் படிப்பின் பயன் தெரிவதில்லை. ஆயினும் எங்களை இன்னும் சில ஆண்டுகள் படிக்க விடுங்கள். பனியனைத் தைக்க மட்டுமல்ல, அதை வடிவமைக்கவும், ஆற்றைக் கெடுக்காத சாயத்தைக் கண்டறியவும், தைக்கும் இயந்திரத்தையே செய்யவும் எங்களால் முடியும். அன்று எந்த வகுப்பிலும் அப்படியொரு கேள்வி எழாது. எழுந்தாலும் விடை சொல்ல நாங்கள் இருப்போம்!