புகைக்கு வழி விடுவோம்!

(மூன்றாம் ஆண்டு, இயற்பியல்)

மார்கழியும் தையும் சமவெளியில் வாழ்வோர்க்கு இனிய மாதங்கள். விடியற்காலையில் போர்வையைச் சற்றே இழுத்துக்கொண்டால் போதும், பனி விலகிவிடும். நீலகிரியில் வாழ்வோர்க்கோ அவை சோதனை மாதங்கள். புல்வெளிகளில் உறைபனி வெள்ளை விரிக்கும். வெப்பமானி சுழியை நெருங்கும். அந்நாள்களில் உதகையின் வீடுகளில் எழும் வினா ஒன்றுதான்: விறகோ கொஞ்சம், குளிரோ அதிகம்; என்ன செய்வது?

"சூடு வெளியே போகாமல் எல்லாவற்றையும் அடை" என்பதே இதற்கு நம்மில் பலர் கண்டுள்ள விடை. கதவை அடை, சன்னலை அடை, இறுதியில் புகைபோக்கியையும் அடை! இவ்விடை தவறானது மட்டுமன்று, உயிருக்கே உலை வைப்பது என்பது என் கருத்து. புகைக்கு வழி விட்டுக்கொண்டே மிகுந்த வெப்பத்தைப் பெற முடியும். அதற்கு வேண்டியது கூடுதல் விறகு அன்று. கொஞ்சம் அறிவியல், கொஞ்சம் ஒழுங்கு.

இருவகை நெருப்பு

கோவை ஆட்சித் தலைவராக இருந்த ஜான் சல்லிவன் 1822-இல் உதகையில் தம் கல் வீட்டைக் கட்டத் தொடங்கினார். 'கல் பங்களா' என்று மலைமக்கள் அழைத்த அவ்வீட்டைத் தொடர்ந்து, இம்மலையில் ஆங்கிலேயர் பங்களாக்கள் பல எழுந்தன. சுவருக்குள் கணப்பும் கூரைமேல் புகைபோக்கியும் அமைக்கும் தம் நாட்டு வழக்கத்தை அவர்கள் இங்கும் கொண்டுவந்தனர்.

ஆனால், குளிர்காய்தல் தமிழர்க்குப் புதிதன்று. பத்துப்பாட்டில் ஒன்றாகிய நெடுநல்வாடையைப் பயின்ற தமிழ்த்துறை நண்பர்கள் இதை அறிவர். வாடைக்கு அஞ்சி மாடங்களின் கதவுகளைத் தாழிட்டு, வாயகன்ற 'தடவு' என்னும் கலத்தில் நெருப்பிட்டு மக்கள் குளிர்காய்ந்ததை நக்கீரர் காட்டுகிறார்.

ஆக, இருவகை நெருப்பு நம்மிடம் உண்டு. ஒன்று, புகைபோக்கியுள்ள கணப்பு. மற்றொன்று, போக்கிடம் இல்லாத தடவு. இன்றைய இரும்புச் சட்டியும் கரியடுப்பும் அந்தத் தடவின் வாரிசுகளே. கண்ணாடிச் சன்னலும் கான்கிரீட் கூரையும் கொண்ட இன்றைய சிறிய அறைக்குள் இந்த இரண்டாம் வகை நெருப்பு நுழையும்போதுதான் ஆபத்தும் உடன் நுழைகிறது.

வெப்பம் எங்கே போகிறது?

கணப்பின்மேல் ஒரு குற்றச்சாட்டு உண்டு, அது உண்மையும்கூட. திறந்த கணப்பில் எரியும் விறகின் வெப்பத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே அறைக்குக் கிடைக்கிறது. எஞ்சியதில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வானுக்குப் போகிறது. போகும்போது அறையின் சூடான காற்றையும் இழுத்துச் செல்கிறது. அதை ஈடுசெய்யக் கதவிடுக்குகளின் வழியே குளிர்காற்று உள்ளே புகுகிறது. நெருப்பின் முன் அமர்ந்தவர்க்கு முகம் சுடுகிறது, முதுகு நடுங்குகிறது!

இக்குறைக்கு மருந்து கண்டவர் ரம்ஃபோர்டு பிரபு. அமெரிக்காவில் 1753-இல் பிறந்து, பின்னர் ஐரோப்பாவில் புகழ்பெற்ற பெஞ்சமின் தாம்சன் என்பவரே இவர். பீரங்கிக் குழாயைத் துளையிடும்போது எழுந்த வெப்பத்தைக் கொண்டு வெப்பத்தின் தன்மையை 1798-இல் ஆராய்ந்து எழுதியவர் என்று இயற்பியல் மாணவர்கள் இவரை அறிவர். அதற்கு இரண்டாண்டுகள் முன்பே, 1796-இல், கணப்பைப் பற்றியும் இவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்.

கணப்பிலிருந்து நமக்குக் கிடைக்கும் பயன் பெரும்பாலும் கதிர்வீச்சு வெப்பமே என்பதை அவர் உணர்ந்தார். எனவே ஆழமான கணப்பை ஆழம் குறைத்தார். பின்சுவரை முன்வாயின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கினார். பக்கச் சுவர்களைப் பின்சுவரோடு 135 பாகை அளவில் விரித்து, வெப்பம் அறையை நோக்கி வருமாறு செய்தார். அகன்று கிடந்த புகைத்தொண்டையை நான்கு அங்குலமாகக் குறுக்கினார். தொண்டையைக் குறுக்கினாரே அன்றி அடைக்கவில்லை என்பதை நண்பர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். அவர் செய்த மாற்றத்தால் வெப்பமும் பெருகிற்று. அறையில் புகை சூழ்வதும் குறைந்தது. நம் பாடம் இதில்தான் இருக்கிறது.

செய்ய வேண்டுவன

முதலாவது, காய்ந்த விறகு. அப்போதே வெட்டிய பச்சை மரத்தின் எடையில் பாதியளவு வரை தண்ணீராக இருக்கலாம். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க மட்டும் ஏறத்தாழ 540 கிலோ கலோரி வெப்பம் செலவாகும். ஈர விறகை எரிப்பவர் தம்மைச் சூடாக்கிக்கொள்ளவில்லை. தண்ணீரைக் காய்ச்சி வானுக்கு அனுப்புகிறார்! கற்பூர மரமாயினும் சீகை மரமாயினும், பிளந்து, மழை படாத கூரையின்கீழ்க் காற்றோட்டமாக அடுக்கி, ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை உலர்த்துதல் வேண்டும். குளிருக்கு வேண்டிய விறகைக் கோடையிலேயே சேர்ப்பதுதான் முறை.

இரண்டாவது, பிரகாசமான சிறு நெருப்பு. புகைந்துகொண்டே கிடக்கும் பெருங்குவியலைவிட, நன்கு சுடர்விட்டு எரியும் சில கட்டைகள் மேலானவை. கணப்பின் பின்சுவரில் கனத்த வார்ப்பிரும்புத் தகடு ஒன்றைச் சாத்தி வைத்தால், அது வெப்பத்தை வாங்கி அறையை நோக்கி வீசும்.

மூன்றாவது, காற்றுக்கு நாமே வழி வகுத்தல். நெருப்புக்குக் காற்று வேண்டும். நாம் தராவிட்டால் வீடு முழுவதிலுமிருந்தும் அது இழுத்துக்கொள்ளும். எனவே பிற அறைகளுக்குச் செல்லும் கதவுகளைச் சாத்திவிட்டு, கணப்புக்கு அருகிலுள்ள சன்னலை மட்டும் ஓர் அங்குலம் திறந்து வைக்க வேண்டும். மற்ற அறைகளின் சூடு காப்பாற்றப்படும். புகையும் ஒழுங்காக மேலேறும்.

செய்யத் தகாதன

விறகு தணலானதும், 'இனிப் புகை இல்லை' என்று எண்ணிப் புகைபோக்கியின் தகட்டை மூடுவோர் உண்டு. தணலை இரும்புச் சட்டியில் அள்ளிப் படுக்கையறைக்குள் கொண்டுபோய்க் கதவைத் தாழிடுவோரும் உண்டு. இவ்விரண்டும் ஒரே தவற்றின் இரு முகங்கள். புகை கண்ணைக் கரிக்கும், இருமச் செய்யும், நம்மை எழுப்பி வெளியே துரத்தும். தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு அவ்வாறு எச்சரிக்காது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள ஹீமோகுளோபின் பிராணவாயுவைப் பற்றுவதைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு அதைப் பற்றிக்கொள்கிறது. தலைவலி, மயக்கம், குமட்டல் என்று தொடங்கி உறக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும். மலையூர்களில் அடைத்த அறைக்குள் கரியை மூட்டி உறங்கியவர்கள் காலையில் எழாத செய்திகளை நாளிதழ்களில் நாம் படித்ததில்லையா? எவருக்கேனும் அத்தகைய அறையில் தலை சுற்றினால், முதலில் அவரைத் திறந்த வெளிக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

இவ்வாயுவை உணர்ந்து ஒலியெழுப்பும் சிறு கருவிகள் இன்று விற்பனைக்கு வந்துள்ளன. வாங்க முடிந்தவர்கள் வாங்கலாம். ஆனால், கருவி கூவுமே அன்றிக் கதவைத் திறக்காது.

புகைபோக்கியின் உட்புறம் படியும் கரியும் தார் போன்ற பிசினும் ஒருநாள் தாமே தீப்பற்றக் கூடியவை. பறவைக் கூடும் சருகும் வழியை அடைத்திருக்கலாம். ஆகவே ஆண்டுக்கொரு முறையேனும், குளிருக்கு முன் அதைத் துப்புரவு செய்வது கட்டாயம். சாம்பலுக்குள் கங்கு நாள்கணக்கில் உயிரோடிருக்கும். மூடியுள்ள உலோகக் கலத்தில் அள்ளி வீட்டுக்கு வெளியே வைக்க வேண்டும். நெருப்பு மந்தமானால் மண்ணெண்ணெய் ஊற்றுவதும், சாயம் பூசிய பலகைகளை எரிப்பதும், கணப்பின் முன்னே துணி உலர்த்துவதும் அறவே கூடா.

நம் கடமை

"கம்பளியும் சால்வையும் இருக்கக் கணப்பு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்விதான். விறகுப் புகை ஊராரின் நுரையீரலுக்கும் கேடு என்பதை இன்று நாம் அறிவோம். கம்பளி போதுமானால் அதுவே சிறந்த கணப்பு. ஆனால் முதியவரும் குழந்தையும் நோயாளியும் உள்ள வீட்டில் நெருப்பு மூட்டப்படத்தான் செய்யும். மூட்டப்படும் நெருப்பு காய்ந்த விறகில், திறந்த புகைபோக்கியின் கீழ் மூட்டப்படட்டும் என்பதே என் வேண்டுகோள்.

தங்கும் விடுதி நடத்துவோருக்கும் ஒரு சொல். பழைய கணப்பை அழகுக்காக அடைத்துவிட்டு, குளிர்கிறது என்று கேட்கும் விருந்தினருக்குக் கரிச்சட்டியைக் கொடுத்தனுப்புவது உபசாரம் ஆகாது. சமவெளியிலிருந்து வருபவர்க்கு இந்த ஆபத்து தெரியாது. தெரிந்தவர் சொல்லியாக வேண்டும்.

மலையூர்க் கல்லூரிகளில் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர் இருக்கிறார்கள். மரம் நடுகிறோம், சாலை செப்பனிடுகிறோம். கார்த்திகை பிறக்கும்போது வீடுதோறும் விடுதிதோறும் சென்று, 'தணலோடு உறங்காதீர், புகைபோக்கியை மூடாதீர்' என்று சொல்லிவர இரண்டு நாள் போதாதா? வகுப்பில் படித்த வெப்பவியல் ஓர் உயிரைக் காக்குமானால், அதனினும் உயர்ந்த தேர்ச்சி வேறென்ன இருக்கிறது?

மன்னரிடம் பழகும் முறைக்கு வள்ளுவர் குளிர்காய்வாரையே உவமையாக்கினார். நெருப்பை மிக நெருங்கவும் கூடாது; மிக விலகவும் கூடாது என்பது அவர் காட்டிய அளவு. அந்த அளவோடு இன்னொன்றையும் நாம் சேர்த்துக்கொள்வோம்: நெருப்போடு ஒரே அறையில் அடைபட்டும் கிடக்கக் கூடாது. புகைக்கு ஒரு வழி விடுவோம், குளிரை வெல்வோம், காலையில் அனைவரும் கண் விழிப்போம்.