பதினெட்டா, பத்தொன்பதா? என்பிஏ வயது விதி சொல்வது என்ன

அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீகில் ஆட 19 வயது நிறைந்திருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஓராண்டு கல்லூரி அணியில் ஆடியே தீர வேண்டும் என்றும் சொல்வார்கள். இரண்டுமே முழு உண்மை அல்ல.

அணிகள் வழக்கமாக ஜூன் மாதத்தில் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறைக்கு டிராஃப்ட் என்று பெயர். 2006 முதல் அதற்கு இரண்டு நிபந்தனைகள் உள்ளன. ஒன்று, அந்த ஆண்டின் டிசம்பர் 31-க்குள் வீரருக்கு 19 வயது நிறைய வேண்டும். இரண்டு, அவர் அமெரிக்காவில் படித்தவர் என்றால், பள்ளிப் படிப்பு முடிந்து ஒரு என்பிஏ சீசனாவது கடந்திருக்க வேண்டும்.

கூப்பர் ஃப்ளாக் 2006 டிசம்பர் 21 அன்று பிறந்தவர். 2025 ஜூனில் டல்லாஸ் அணி அவரை முதலாவதாகத் தேர்ந்தெடுத்தபோது அவருக்கு வயது 18. ஆண்டு முடிவதற்குள் 19 ஆகிவிடும். பள்ளியை முந்தைய ஆண்டே முடித்துவிட்டார். எனவே தடையில்லை. லெப்ரான் ஜேம்ஸ் 1984 டிசம்பர் 30 அன்று பிறந்தவர். 2003-இல் பள்ளியிலிருந்து நேராக என்பிஏவுக்கு வந்தார். இன்றைய விதி அன்று இருந்திருந்தால் வயது நிபந்தனையில் அவரும் தேறியிருப்பார். அவரை நிறுத்தியிருக்கக்கூடியது பள்ளி நிபந்தனை மட்டுமே.

அந்தக் காத்திருப்பைக் கல்லூரியில்தான் கழிக்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை. பிராண்டன் ஜென்னிங்ஸ் 2008-இல் இத்தாலிக்குப் போய்ச் சம்பளத்துக்கு ஆடினார். அடுத்த ஆண்டே என்பிஏவுக்கு வந்துவிட்டார். லமெலோ பால் ஆஸ்திரேலியாவில் ஆடிவிட்டு 2020-இல் வந்தார்.

இது அரசு போட்ட சட்டமும் அல்ல. பள்ளி முடிந்து நான்கு ஆண்டு காத்திருக்க வேண்டும் என்ற என்பிஏவின் பழைய விதியை எதிர்த்து வீரர் ஸ்பென்சர் ஹேவுட் தொடுத்த வழக்கு 1971-இல் உச்ச நீதிமன்றம் வரை போனது; அவர் ஆடும் உரிமையைப் பெற்றார். இன்றைய விதி, லீகும் வீரர்கள் சங்கமும் 2005-இல் கையெழுத்திட்ட கூட்டு ஒப்பந்தத்தில் பிறந்தது. அதன் சட்ட வலிமையே அந்தக் கையெழுத்துதான்.

கையெழுத்திட்ட இரு தரப்புக்கும் இதில் லாபம் உண்டு. பள்ளிப் பையனை நம்பிப் பெரும் பணம் போடுவதற்கு முன், வலுவான எதிரணிகளுக்கு எதிராக அவன் ஆட்டத்தை ஓராண்டு பார்க்க அணிகளுக்கு வாய்ப்புக் கிடைக்கிறது. அணியில் ஏற்கெனவே இருக்கும் மூத்த வீரர்களின் இடத்துக்குப் போட்டி குறைகிறது. இழப்பு அந்தப் பையனுக்கு. முதல் சுற்றில் தேர்வாகும் புதியவரின் தொடக்கச் சம்பளம் ஒரு வரையறைக்கு உட்பட்டது; பெரிய தொகை அடுத்த ஒப்பந்தத்தில்தான் வரும். அது ஓராண்டு தள்ளிப்போகிறது. ஒப்பந்தம் பேசும் மேசையில் அவனுக்கு இடமே இல்லை.

2021 முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குத் தந்து சம்பாதிக்கலாம். 2025 முதல் கல்லூரிகளே நேரடியாகவும் பணம் தரலாம். இதனால் காத்திருப்பின் வலி குறைந்தது உண்மை. ஆனால் வலி குறைந்ததால் விதி நியாயமாகிவிடாது.

பக்குவத்துக்காகத்தான் இந்த விதி என்றால், 18 வயது ஃப்ளாக்கைத் தேர்ந்தெடுக்க அனுமதித்திருக்க முடியாது. ஒரே வயதுள்ள இருவரில் ஒருவர் பள்ளியை எப்போது முடித்தார் என்பதை வைத்துத் தடுப்பது பக்குவத்தை அளக்கும் வழியல்ல. லீகும் சங்கமும் அடுத்த ஒப்பந்தம் பேசும்போது வயது நிபந்தனையை வைத்துக்கொள்ளட்டும். பள்ளி நிபந்தனையை நீக்கட்டும். டிராஃப்டில் யாரும் எடுக்காத மாணவன் தயக்கமின்றிக் கல்லூரிக்குத் திரும்ப, கல்லூரி அமைப்புகளும் வழிவிட வேண்டும். இளைஞர்களின் நலனுக்காக என்று சொல்லும் விதி, முதலில் அவர்களுக்குப் பயன்பட வேண்டும்.