சுண்ணாம்பில் ஊறும் தோல்



ஒரு மதிப்பெண் வினாவுக்கு 'அ'வா, 'இ'யா என்று யோசித்து, 'அ' எழுதி, அடித்து, 'இ' எழுதி, அதையும் அடித்து வைத்த விடைத்தாள்களை நிறையத் திருத்தியிருக்கிறேன். அந்தப் பிள்ளைக்குக் கடைசியில் நெடுவினா எழுத நேரமே இருக்காது. அதற்கான பாடம் நன்றாகத் தெரிந்திருக்கும்!

அப்படியானால் யோசிக்கவே கூடாதா? யோசிக்கத்தான் வேண்டும். எவ்வளவு நேரம் என்பதுதான் கேள்வி.

எங்கள் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் அதிகம். அங்கே ரோமம் கழல்வதற்காகத் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைப்பார்கள். அவசரப்பட்டு எடுத்தால் ரோமம் போகாது. அளவுக்கு மீறி ஊறவிட்டாலோ தோலே தளர்ந்து கெட்டுவிடும். யோசனையும் இப்படித்தான் என்பது என் கருத்து.

ஷூ கம்பெனியில் தோல் வெட்டுபவரை எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டிய தோலைத் திரும்ப ஒட்ட முடியாது. ஆகவே முதலில் தோலை விரித்து, கீறல் எங்கே, உண்ணி கடித்த தழும்பு எங்கே என்று தடவிப் பார்ப்பார். முதுகுப் பக்கம் உறுதியாக இருக்கும். வயிற்றுப் பக்கம் இழுத்தால் நீளும். ஷூவின் முன்பக்கத்துக்கு நல்ல இடத்தை முதலில் ஒதுக்குவார். வெளியே தெரியாத சின்னத் துண்டுகளை மிச்சத்தில் எடுப்பார். வெட்டிவிட்டு அடுத்த தோலுக்குப் போய்விடுவார். குறையே இல்லாத தோல் வரட்டும் என்று காத்திருந்தால் ஒரு ஜோடி ஷூகூட வெளியே போகாது.

நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். பிறந்த நாள் சட்டை நீலமா, பச்சையா என்று ஒரு வாரம் யோசிப்போம். பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பிரிவு என்பதைப் பக்கத்து பெஞ்சுக்காரன் முடிவு செய்வான்!

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர், 1870ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். அமெரிக்காவிலேயே வாழ எண்ணியிருந்தவர், 1890களில் பெற்றோருடன் திண்டிவனத்தில் தங்கியிருந்தார். ஓர் இரவு, பிரசவ வேதனையில் தவித்த தங்கள் மனைவியரைக் காப்பாற்ற வரும்படி மூன்று பேர் அடுத்தடுத்து வந்து அவரை அழைத்தனர். ஐடாவின் அப்பா டாக்டர். ஆனால் ஆண் டாக்டர் பார்க்க அவர்கள் சம்மதிக்கவில்லை. ஐடாவுக்கோ வைத்தியம் தெரியாது. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். இரவெல்லாம் தூங்காமல் யோசித்த ஐடா, டாக்டருக்குப் படிப்பது என்று காலையில் முடிவெடுத்தார். 1899ல் பட்டம் பெற்று, 1900ல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியத்தைத் தொடங்கினார். பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918ல்தான் வந்தது. பணம் எங்கிருந்து வரும், கட்டடம் எப்படி எழும் என்பதெல்லாம் அந்த இரவில் அவருக்குத் தெரிந்திருக்க முடியாது. அடுத்து என்ன செய்வது என்பது மட்டும் தெரிந்தது.

பத்தாம் வகுப்பு படிப்பவர்களே, பிடித்த பாடம், வராத பாடம், வீட்டு நிலைமை மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஆசிரியரையும், அந்தப் பிரிவில் படிக்கும் அக்கா, அண்ணன்களையும் கேளுங்கள். காலண்டரில் ஒரு தேதியைக் குறித்து, அன்று மாலைக்குள் முடிவு செய்துவிடுங்கள். பின்னால் மனம் மாறினாலும் வழி இருக்கிறது. அறிவியல் பிரிவு படித்தவர் கல்லூரியில் வரலாறோ, தமிழ் இலக்கியமோ எடுக்கத் தடையில்லை. ஆனால் சேர்க்கைக்குக் கடைசி நாள் வரை யோசித்துக்கொண்டிருந்தால், யாரும் எடுக்காமல் மிச்சமிருக்கும் இடம்தான் கிடைக்கும்.